பிராக்டிக்கல்ல முழு மார்க், கோடிங் டெஸ்ட்ல முட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எப்படி ரெடியாகணும்னு போட்டிருந்தீங்க. டை கட்டணும், கண்ணப் பார்த்துப் பேசணும், இங்கிலீஷ் வேணும், எல்லாம் சரிதான் சார், ஆனா டை கட்டுற ரவுண்டு வரைக்கும் போனாத்தானே, அதுக்கு முன்னாடியே, ப்ரோகிராம் எழுதச் சொல்ற ஆன்லைன் கோடிங் டெஸ்ட்ல பசங்க கூட்டம் கூட்டமா கழண்டுடுறாங்க, அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

நான் சென்னையில 9 வருஷமா ப்ரோகிராமர். லீவுக்கு விருதுநகர் வந்தப்ப சித்தி பொண்ணு, ஃபைனல் இயர் படிக்கிறவ, லேப்டாப்ப தூக்கிட்டு வந்தா. "அக்கா, சாம்பிள் ரெண்டும் பாஸ் ஆகுது, சப்மிட் குடுத்தா 15-ல 6 தான் வருது, சைட்டே தப்புக்கா"ங்குறா. (சாம்பிள்னா கேள்வியோடயே காட்டுற உதாரணம், 15-ங்குறது சப்மிட் குடுத்ததும் சைட் நம்ம ப்ரோகிராம ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் கேஸ்.) கேள்வி இதுதான்: ஒரு லிஸ்ட்ல நம்பர் குடுப்பாங்க, ரெண்ட கூட்டினா 10 வர்ற ஜோடி எத்தனைன்னு சொல்லணும். ஒவ்வொரு நம்பரையும் மத்த எல்லா நம்பரோடயும் கூட்டிப் பார்க்கிற மாதிரி லூப்புக்குள்ள லூப் போட்டு வச்சிருக்கா. கேள்விக்குக் கீழயே 1 லட்சம் நம்பர் வரைக்கும் வரும்னு பொடி எழுத்துல இருக்கு, அத படிக்கவே இல்ல.

1 லட்சம் நம்பர்னா ஜோடி கிட்டத்தட்ட 500 கோடி. செகண்டுக்கு 10 கோடி ஸ்டெப்னு தோராயமா ஒரு கணக்கு வச்சிருப்போம், அப்ப 50 செகண்டு ஆகும், அவன் குடுத்திருக்கிறதோ 2 செகண்டு, டைம் லிமிட் எக்சீடட்னு வராம என்ன செய்யும்? எந்த நம்பர் எத்தனை தடவை வந்துச்சுன்னு கேட்டதும் சொல்ற ஹேஷ்மேப்புல, பார்த்த நம்பர எல்லாம் எண்ணி வச்சுக்கிட்டே போனா ஒரே லூப்புல முடிஞ்சிடும், கையில 7 இருந்தா இதுவரைக்கும் எத்தனை 3 வந்துச்சுன்னு மேப்ப கேட்டா போதும். மாத்தி எழுதினா. அப்பவும் ரெண்டு கேஸ் ஃபெயில். சரி, நாமளே ஒரு டெஸ்ட் போடுவோம்னு 5-ங்குற நம்பரையே 1 லட்சம் தடவை உள்ள குடுத்தோம், ஜோடி 500 கோடிக்குக் கொஞ்சம் கம்மியா வரணும், வந்தது 70 கோடிச் சொச்சம். ஏன்னா விடைய வச்சிருந்த இன்ட்ங்குற நம்பர் டைப்புல 214 கோடிக்கு மேல கொள்ளாது, அதத் தாண்டினா விடை தப்பாயிடும். இன்னும் பெரிய நம்பர் கொள்ற லாங்னு மாத்தினதும் 15-ம் பச்சை. (நடுவுல கரண்ட் போயி அரை மணி நேரம் சித்தியோட கதை கேட்டது தனி.)

பொண்ணு மக்கு இல்ல சார். லேப் எக்ஸாம்ல முழு மார்க் வாங்கினவ. லேப் எக்ஸாம் எப்படி நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், ரெக்கார்டு நோட்டுல 12 ப்ரோகிராம், சீட்டு குலுக்கி எடுக்கணும், வந்தத மனப்பாடமா எழுதணும், அவுட்புட் என்ன வரும்னு ஓட்டுறதுக்கு முன்னாடியே தெரியும். என் காலத்துலயும் இதே கதைதான். ஆறு செமஸ்டர் இப்படி பழக்கிட்டு, கடைசி வருஷம் பார்க்காத கேள்விய 45 நிமிஷத்துல போடுன்னா எப்படி போடும்? உடனே டெலிகிராம்ல "இந்த வருஷ கேள்வி"னு பிடிஎஃப் விக்கிறவன்கிட்ட போறாங்க, அதையும் மனப்பாடம் பண்றாங்க. இந்த மாதிரி கோடிங் டெஸ்ட் நடத்துற ஹேக்கர்ரேங்க் சைட்ட ஆரம்பிச்ச ரெண்டு பேருமே திருச்சி என்.ஐ.டி.ல படிச்சவங்க, அந்த சைட்டப் பார்த்துதான் நம்ம ஊர் பசங்க நடுங்குறாங்க, வேடிக்கைதான்.

லேப்ல வாரம் ஒரு மணி நேரமாவது ரெக்கார்டுல இல்லாத கேள்வி ஒண்ணு குடுங்கன்னு காலேஜ்காரங்கள கேட்டுக்குறேன், மார்க் கூட வேணாம். பசங்க அரை மணி நேரம் தானா முட்டி மோதிட்டு அப்புறம் விடைய பார்க்கட்டும், மறுநாள் பார்க்காம திரும்ப எழுதட்டும். சாம்பிள் பாஸ் ஆனவுடனே சப்மிட்ட அமுக்காம காலி லிஸ்ட், ஒரே நம்பர், பெரிய நம்பர்னு தானே குடுத்து ஓட்டிப் பார்க்கட்டும்.

உங்ககிட்டயும் ஒண்ணு. டி.என்.பி.எஸ்.சி. மாதிரி வினா போடுறீங்க, பிளஸ் டூக்கு போடுறீங்க, வாரம் ஒரு கோடிங் கேள்விக்கு ஒரு பத்தியில கால்வாசி இடம் குடுக்கக் கூடாதா? முதல் வாரம் இந்த ஜோடி கணக்கையே போடுங்க, குறுக்கெழுத்துக்குப் போடுற மாதிரி விடைய கீழ தலைகீழா போட்டிடாதீங்க, அடுத்த வாரம் போடுங்க.

இப்படிக்கு,
வாசகி, விருதுநகர்