368 அடிக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். அப்பாவுக்கு வரும் வியாழக்கிழமை ஊருக்கு விமானம். நேற்று மருத்துவர் பார்த்துவிட்டு, தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களில் பாதிப் பேர் அந்த ராத்திரி முழுக்க எங்களோடு போனில் இருந்தவர்கள். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும்தான் இந்த மடல்.

ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பிள்ளைகளுக்கு, வார்டில் அப்பாவிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசிச் சாப்பிட வைத்த செவிலியர் சகோதரிகளுக்கு, பக்கத்து ரெடிங் நகரத்திலிருந்து முறை போட்டு ரசமும் இட்லியும் கொண்டுவந்த குடும்பங்களுக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வந்தவர்களுக்கு, காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்த வாரத்தில் கேட்காமலே பணம் போட்டவர்களுக்கு, வாசலில் பை பையாக எதையாவது வைத்துவிட்டு மணி அடிக்காமல் போன இந்த ஊர்க்காரர்களுக்கு, ஊரில் அம்மாவைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட சித்திக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இன்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். உங்களில் பலர் அவரைப் பார்த்ததில்லை. எதிர் வீட்டு அம்மையார், எண்பது வயதைத் தாண்டியவர். பெயர் போடாதே என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அவர் செய்ததைச் சொல்ல, முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோக் ரோ, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் தெற்கு ஓரத்தில், சில்டர்ன் குன்றுகளின் மேல் இருக்கும் சின்னக் கிராமம். சுற்றிலும் பீச் மரக் காடு. ஒரு காலத்தில் அந்தக் காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நாற்காலிக் கால் கடைந்து பிழைத்த ஜனங்கள். பச்சைப் பசேலென்று இருப்பதைப் பார்த்தால் தண்ணீருக்குப் பஞ்சமே இருந்திருக்காது என்றுதான் தோன்றும். ஆனால் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். ஆறு இல்லை, ஓடை இல்லை. களிமண் குழிகளிலும் குட்டைகளிலும் தேங்கிய தண்ணீர்தான் குடிக்கவும் குளிக்கவும். கோடையில் அதுவும் வற்றும்.

இந்த ஊரின் நடுச் சாலையோரத்தில் ஒரு கிணறு இருக்கிறது. கிணற்றுக்கு மேலே வட்டமாக ஒரு மண்டபம், அதற்கு ஒரு குவிமாடம். உள்ளே தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் மேல் தங்க நிறத்தில் ஒரு யானை நிற்கும். மருத்துவமனையிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, காரிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "ஏம் அம்மிணி, இதென்ன கோயலா?" என்று கேட்டார். பல நாளாக எதுவுமே கேட்காத மனிதர் கேட்ட முதல் கேள்வி அது.

கிணறு, அப்பா, காசி மகாராஜா கட்டிக் கொடுத்தது என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் அது உண்மை.

எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் என்று ஒரு ஆங்கிலேய அதிகாரி, பக்கத்து இப்ஸ்டன் ஊர்க்காரர், வட இந்தியாவில் பல வருடம் வேலை பார்த்தார். 1831-இல் ஆசம்கரில் மக்களுக்காக ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தார். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கும் அவரும் நண்பர்கள். தன் ஊர்ப் பக்கத்தில் தண்ணீருக்குப் படும் பாட்டைப் பற்றி ரீட் அவரிடம் பேசியிருக்கிறார். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு பையன் அடி வாங்கினான் என்ற கதை மகாராஜாவின் மனதில் தங்கிவிட்டது என்று இங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். ரீட் 1860-இல் ஊர் திரும்பினார். மகாராஜா அதை மறக்கவில்லை. இங்கிலாந்தில் ஏதாவது ஒரு தர்மம் செய்ய வேண்டும் என்று நினைத்தபோது இந்த ஊரின் தாகம்தான் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

1863 மார்ச்சில் வேலை தொடங்கியது. 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில் திறந்துவிட்டார்கள். வெறும் நாலடி அகலம், 368 அடி ஆழம். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் உயரத்தைவிட அதிகம். முழுக்க முழுக்க மனிதக் கையால் தோண்டியது. வெட்டுக்கூலி 353 பவுண்ட் 13 ஷில்லிங் 7 பென்ஸ். ஊர் ஜனங்களுக்குத் தண்ணீர் இலவசம். ஒரு வாளி மேலே வரப் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். கிணற்றைப் பராமரிக்க வருமானம் வேண்டுமே என்று பக்கத்திலேயே செர்ரித் தோப்பு வைத்து, அதற்கு ஈஸ்ரீ பாக் என்று பெயரும் வைத்தார்கள். காவல்காரருக்கு எட்டுப் பட்டை வீடு. கிட்டத்தட்ட எழுபது வருடம் இந்த ஊர் அந்தத் தண்ணீரில்தான் வாழ்ந்தது. கட்டிக் கொடுத்த மகாராஜா அதை ஒரு தடவைகூட நேரில் பார்க்கவில்லை.

இதில் எனக்கு ஒரு நெருடல் இல்லாமல் இல்லை. 1857 கிளர்ச்சியில் மகாராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். 1860, 61-இல் ஆக்ரா, டெல்லிப் பக்கமெல்லாம் கடும் பஞ்சம். அதை அடுத்த சில வருடங்களிலேயே அங்கிருந்து இங்கே பணம் வந்தது என்பதை அப்படியே தாண்டிப் போக என்னால் முடியவில்லை. ஆனால் இங்கே வாளியோடு வரிசையில் நின்றது யார்? நாற்காலிக் கால் கடைந்தவர்கள், பிறர் வீட்டில் துணி துவைத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நாட்டை ஆண்டவர்கள் அவர்கள் இல்லை. அவர்கள் தொண்டை நனைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, அப்பாவிடம் வருகிறேன்.

வீட்டுக்கு வந்தபின் அவர் நடக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தினமும் கொஞ்சமாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் இப்படியே நின்றுவிடும் என்று பிசியோதெரபி பார்க்க வந்த பெண் தலையால் அடித்துக்கொண்டார். கைத்தடியோடு நாலு பேர் முன்னால் போக அப்பாவுக்கு வெட்கம். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிர் வீட்டு அம்மையார் அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் கதவைத் தட்டி, உங்கள் அப்பாவுக்குக் கிணறு பார்க்க வேண்டுமா என்று கேட்டார். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம்.

அப்பா பல்லடம் பக்கத்து விவசாயி. இளவயதில் கடப்பாரையும் கூடையுமாகக் கிணற்றுக்குள் இறங்கியவர். போனதும் அவர் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை அடி? நான் சொன்னேன். "சும்மா சொல்றாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அறுவது அடியிலயே மூச்சு முட்டும். நாலடி அகலத்துல ஒருத்தன் குனிஞ்சு வெட்டறதே கஷ்டம். முந்நூத்திச் சில்லறை அடியில அவன் எப்படி மூச்சு விட்டான்? மண்ணை எப்படி மேல ஏத்துனாங்க? பக்கம் சரிஞ்சா என்ன பண்ணுவான்?" அம்மையாருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அப்பாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். நல்ல கேள்விகள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை கையில் தோட்டத்துச் சணல் கயிறு. ஒரு மரக்கட்டையில் பெரிய உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அளவு நாடா போட்டு, சரியாக 368 அடி அளந்து வெட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. அவர் வயதில், முன்பின் பழகாத, ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத ஒரு மனிதருக்காக!

கிணற்றடியிலிருந்து சாலையோரப் புல்லில் அந்தக் கயிற்றைப் பிரித்துக்கொண்டே போனார். போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். கடைசியில் ஆள் சின்னதாகத் தெரிந்தார். அங்கே நின்று கையை உயர்த்தினார். இவ்வளவு ஆழம் என்று காட்டுகிறார்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கிணற்று ஆழத்தை அடுத்தவர் சொல்லி ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். தானே பார்க்க வேண்டும். தடியை ஊன்றி, கயிற்றை ஒட்டியே நடந்தார். முதல் முடிச்சைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்று, "நம்ம கெணறு இங்க முடிஞ்சுதுங்கம்மா" என்று அந்த அம்மையாரைப் பார்த்துத் தமிழிலேயே உரக்கச் சொன்னார். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினார். அன்றைக்கு அவ்வளவுதான். மூச்சு வாங்கியது.

அடுத்த நாள் அப்பாவே சட்டை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் அம்மையார் வருவார், கயிற்றை விரிப்பார், இரண்டு பேரும் நடப்பார்கள். அப்பா அதை நடை என்று சொல்லவே மாட்டார். "இன்னைக்கு நூறடி எறங்குனேன்", "நூத்தி அம்பதுல பாறை கெட்டியா இருந்திருக்கும்" என்றுதான் சொல்வார். அம்மாவிடமும் போனில் இதேதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அம்மா முதல்முதலாக நம்பியது அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். மழை நாளில்கூட குடையோடு வந்து நின்றார் எங்கள் எதிர் வீட்டுக்காரர்.

நடந்துகொண்டே அவர் கதை சொல்வார், நான் இருக்கும் நாளில் மொழிபெயர்ப்பேன். 1961-இல் எலிசபெத் ராணி இந்தியா போனபோது, அப்போதைய காசி மகாராஜா தந்தத்தில் செய்த இந்தக் கிணற்றின் சிறு மாதிரியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். 1964-இல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் இங்கே வந்தார். கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து கிணற்றில் கலந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தானும் நின்றதாக அம்மையார் சொன்னதும் அப்பா நடையை நிறுத்திவிட்டு, கிணறு இருந்த பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். காசிக்குப் போக வேண்டும் என்று அவருக்கு நாற்பது வருட ஆசை. அம்மையாரும் பக்கத்தில் பேசாமல் நின்றார்.

கடைசி முடிச்சைத் தாண்டி, கயிற்றின் நுனியைத் தடியால் தொட்ட அன்று, "தண்ணி வந்துருச்சு அம்மிணி!" என்று அவர் கூப்பிட்டது எங்கள் வீட்டு வாசல் வரை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அதற்குள் தடி எதற்கு என்பதே அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது, அம்மையார்தான் அதைப் பிடித்திருந்தார்.

எதிர் வீட்டு அம்மா, நீங்கள் தமிழ் படிக்க மாட்டீர்கள், இதை நானே உங்களுக்கு உட்கார்ந்து வாசித்துச் சொல்வேன். மருந்தும் மருத்துவரும் அப்பாவின் உயிரைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அவருக்கு என்ன தெரியும் என்று பார்த்து, அந்தத் தெரிந்த விஷயத்தின் வழியாக அவரை எழுப்பியது நீங்கள். இங்கே வந்ததிலிருந்து அவர் நோயாளியாக மட்டுமே இருந்தார். நீங்கள் அவரிடம் கிணறு வெட்டியவராகப் பேசினீர்கள். பெற்ற மகளுக்கே அது தோன்றவில்லையே என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன்.

இனி நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றைப் பராமரிக்கிற அறக்கட்டளைக்கு அப்பா பெயரில் ஒரு தொகை கொடுக்கிறோம். சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்கிற வேலைக்கும் ஆள் தேவையென்றால் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளோடு வருகிறோம் என்று பெயர் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடம் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். இனி அது எங்கள் வீட்டுக் கிணறு. அப்பாவுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. ஊரில் குப்பை கொட்டிப் பாதி தூர்ந்து கிடக்கும் எங்கள் பழைய கிணற்றைத் தூர் வார வேண்டுமாம். ஆளுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார். அவரை மேட்டிலேயே நிற்க வைப்பது அம்மாவின் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். சாப்பாடு இருக்கிறது, அப்பாவை வழியனுப்பியது போலவும் இருக்கும். சாப்பிட்டபின் அவரே எல்லோரையும் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றை விரித்துக் காட்டப் போகிறாராம், அம்மையாரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. புல்லெல்லாம் ஈரமாக இருக்கிறது, நல்ல ஷூ போட்டு வாருங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சனிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பல்லடத்துப் பெண்