ஸெலென்கா பாடப்போகும் மகளுக்கு

அன்பு மகளே,

‘ஸெலென்கா எடுத்திருக்கோம்பா’ என்று, உங்கள் க்வயர் குழு அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளரைப் பாடப்போவதை ஒரே வரியில் அனுப்பினாய். அதோடு மூன்று வாரம். மற்றதெல்லாம் சித்தி சொல்லித்தான் தெரியும். நான் கேட்கவில்லை.

அவருடைய ‘மிஸ்ஸா வோட்டிவா’ என்ற திருப்பலி இசை என்றால் மூச்சில்தான் கவனம். ஒரே மெட்டை ஒவ்வொரு குரலாக வந்து எடுத்துக்கொள்ளும் ஃபியூகில் ஒரே அசையை இழுத்துக்கொண்டே போவார்; எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவளோடு பேசி ஆளுக்கொரு இடம் பென்சிலால் குறியுங்கள். நீண்ட உயிரெழுத்தின் நடுவில் வாங்கு, அதே உயிரில் மெல்ல நுழை. அரைச்சுரமாக இறங்கும் இடங்களில் ஆல்டோ என்கிற கீழ்ப் பெண்குரல் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் அகலமாக வைத்துவிடும். நான்கு படி இறங்குவதற்குள் க்வயர் மொத்தமும் சுருதி தாழ்ந்திருக்கும். சுருதிப்பெட்டியைப் போட்டுப் பாதி வேகத்தில் பாடிப் பார்.

அவர் கைப்பிரதிகளை ஜெர்மனியின் டிரெஸ்டன் நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. வரியின் தொடக்கக் குறியை வழக்கமான டிரெபிள் கிளெஃப் என்று நினைத்துப் படிக்காதே. மேல்குரலான சோப்ரானோவுக்கு அடிக்கோட்டில் நடு ‘ஸி’, ஆல்டோவுக்கு நடுக்கோட்டில்.

டிரெஸ்டன் அரசவையில் பேஸ் வாத்தியம் வாசித்தவர் அவர். 1729-இல் அரசவை இசைத் தலைவர் ஹைனிகன் இறந்தபின் ஆலய இசையின் பாரம் பெரும்பாலும் இவர் தலையில்தான். பதவியோ ஓபரா எழுதிய ஹாஸேக்கு. 1733-இல் அந்தப் பதவி கேட்டு இவர் மனு கொடுத்தார். 1735-இல் ஆலய இசையமைப்பாளர் என்ற பட்டம் மட்டும் வந்தது. நீ பாடப்போவது அதற்கும் பிறகு, 1739-இல், நோயிலிருந்து எழுந்து நேர்த்திக்கடனாக எழுதியது. ஜெர்மானிய இசைமேதை பாக் அவரை மதித்தார் என்று பாக்கின் மகனே எழுதியிருக்கிறார்.

உனக்காக இதைச் சொல்லவில்லை. சரி, உனக்காகத்தான். உன்னைப் போல நோட்டைப் பார்த்ததும் பாடுகிறவர் நம் வீட்டில் யாரும் இல்லை. அதற்காக அப்பாவிடம் வாயே திறக்கக் கூடாதா?

பத்தாவதில் உன் குரல் பயிற்சியை நிறுத்தினேனே, பரீட்சைக்காக என்று. பரீட்சை இல்லை. ஃபீஸ் கட்டக் கையில் பணம் இல்லை, சொல்ல வெட்கம். அந்த இரண்டு வருஷம் இருந்திருந்தால் என்று சித்தி போன் வைத்ததிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெந்நீர் குடி. மூச்சைக் குறித்துக்கொள், மறக்காதே. ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொன்றுக்கு வீட்டில் இருப்பேன். ஆல்டோ வரியை மட்டுமாவது போனில் பாடிக் காட்டு.

அப்பா