மேட்டூர் அணையைக் கக்கன் கட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த, முன்னாள் அமைச்சர் கக்கன் பற்றிய நினைவுக் கட்டுரையைப் படித்தோம். பிறந்த நாளான ஜூன் 18 வந்தாலும் நினைவு நாளான டிசம்பர் 23 வந்தாலும் பத்திரிகைகளில் வருவது ஒரே கக்கன்தான். அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவு, எம்.ஜி.ஆர். வந்து பார்த்தது, வாடகை வீடு, பேருந்துப் பயணம். அதையெல்லாம் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து ஆண்டு அமைச்சராக இருந்த ஒருவரின் வேலைக்குக் கட்டுரையில் கிடைத்தது ஒரே வாக்கியம். மேட்டூர், வைகை அணைகளைக் கட்டினார், இரண்டு வேளாண் பல்கலைக்கழகங்களை நிறுவினார் என்று போகும் அந்த வாக்கியத்திலும் பிழைகள்.

மேட்டூர் அணை 1934இல் முடிந்துவிட்டது. அப்போது தும்பைப்பட்டி கக்கனுக்கு வயது 26. சேலம், ஈரோடு பக்கம் 45,000 ஏக்கருக்குப் பாயும் மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களோடு யாரோ குழப்பிக்கொண்டிருக்க வேண்டும். அவையும் 1955இல் வந்தவை. கக்கன் அமைச்சரானது 1957 ஏப்ரலில். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் உருவானபோது அவர் எந்தப் பதவியிலும் இல்லை. மதுரையில் 1965இல் தொடங்கியது கல்லூரி, பல்கலைக்கழகம் அல்ல. அந்த ஆண்டு அவர் கையில் இருந்ததும் வேளாண்மை அல்ல, உள்துறை. இணையத்தில் யாரோ ஒருவர் எழுதியதை எல்லோரும் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் செய்த வேலை எது என்று பார்க்க, எந்த ஆண்டு எந்த நாற்காலி என்று முதலில் தெரிய வேண்டும். 1946 முதல் 1950 வரை அரசியல் நிர்ணய சபை. 1952 முதல் 1957 வரை மதுரையிலிருந்து மக்களவை. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் (1955) நிறைவேறியது அந்த அவையில்தான். 1957இல் மேலூர் சட்டமன்றத் தொகுதி, 1962இல் சமயநல்லூர். காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையும் அரிசன நலமும், பிறகு வேளாண்மை. 1963 அக்டோபரிலிருந்து பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறை. 1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோல்வி.

மேலூரை விட்டு ஏன் சமயநல்லூர் போனார் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1957இல் மேலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ., அதில் ஓரிடம் தாழ்த்தப்பட்டோருக்கு. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குச் சீட்டு. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியில் அவரவர் சின்னம். இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் செல்லும். ஆக, தனி இடத்துக்கு நிற்பவரும் தொகுதி முழுக்க எல்லாச் சாதியாரிடமும் போய் வாக்குக் கேட்டாக வேண்டும். 1961இல் சட்டம் போட்டு இந்த முறையை எடுத்துவிட்டார்கள். தனித்தொகுதிகள் தனியாகப் பிரிந்தன, அவருடைய தொகுதியும் மாறியது. 1939 ஜூலை 8இல் அ. வைத்தியநாத ஐயரோடு ஆலயப் பிரவேசமாக மீனாட்சி கோயிலுக்குள் போன தாழ்த்தப்பட்டோரில் ஒருவர், பதினெட்டு ஆண்டு கழித்து அதே சுற்றுவட்டாரத்தில் எல்லார் வாக்கும் கேட்டு ஜெயித்தார் என்பதை எந்த நினைவுக் கட்டுரையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இனி அணைகள். அமராவதி (90 அடி), கிருஷ்ணகிரி (52 அடி), சாத்தனூர் (119 அடி), மணிமுத்தாறு (118 அடி) எல்லாம் 1957, 1958 ஆண்டுகளில் முடிந்தவை. வைகை அணை (71 அடி) 1959 ஜனவரி 21இல் காமராஜரால் திறக்கப்பட்டது. இவற்றைக் கக்கன் 'கட்டினார்' என்பது பாதி உண்மை. திட்டமும் தொடக்கமும் அவருக்கு முந்தைய அமைச்சர்கள் காலத்தவை. அவர் வந்து உட்கார்ந்தபோது வேலை பாதியிலும் முக்காலிலும் இருந்தது. அடிக்கல் நாட்டியவருக்குக் கல்வெட்டில் பெயர் உண்டு, பாதி வேலையைத் தூக்கி நிறுத்தி முடிப்பவருக்குக் கிடையாது. அவருக்கு முந்தையவர்களின் பங்கை எடுத்து அவர் கணக்கில் எழுத வேண்டியதில்லை, அவர் பங்கே போதும். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட வேலை அவர் காலத்தில் சூடுபிடித்தது. அதன் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 1970 மே 29இல். நடைமுறை மட்டும் 1958 நவம்பர் 9 முதல் என்று பின்தேதியிட்டது. காகிதம் முடியும் முன்பே இரு மாநிலமும் வேலையைப் பார்த்திருக்கின்றன. இன்று இதை யாரும் நம்ப மாட்டார்கள்!

எங்கள் பகுதிக்கு முக்கியம் வைகை அணை. பெரியாற்றுத் தண்ணீர் (முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வருவது) 1895 முதலே சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. ஆனால் அணை வரும் முன் ஆற்றில் வந்ததை வந்தபடி பேரணைத் தடுப்பணையில் திருப்பிக் கால்வாயில் விட வேண்டியதுதான். அந்தத் தண்ணீர் மலையிறங்கும் லோயர் கேம்ப்பில் மின் உற்பத்தி தொடங்கினால், வயலுக்குத் தேவையில்லாத நாளிலும் தண்ணீர் இறங்கும். அதைப் பிடித்து வைக்க நடுவில் ஒரு தொட்டி வேண்டும். அந்தத் தொட்டிதான் வைகை அணை. அணைக்குள் இருப்பது ஒரே தண்ணீர், கணக்கு மட்டும் இரண்டு: பெரியாற்றுக் கணக்கு, வைகைக் கணக்கு. வைகைக் கணக்கில் ராமநாதபுரத்துக்கு ஏழு பங்கு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு.

பெரியாற்றுக் கணக்கில், பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கரும், திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கரும் ஒருபோகம். ஒருபோகத்துக்கு 120 நாள் தண்ணீர்: முதல் 45 நாள் முழுதாக, மீதி 75 நாள் முறைவைத்து, அதாவது விட்டு விட்டு. ஏறக்குறைய எட்டரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) வேண்டும். அணை நிரம்பினாலே ஆறு டி.எம்.சி. அளவுதான், அதிலும் வைகைக் கணக்கு உண்டு. ஆகவே பெரியாற்றிலிருந்து வரத்து நின்றால் அணை நிரம்பியிருந்தும் போகம் தேறாது. அணை கட்டியாயிற்றே, பிறகு ஏன் மேலூரில் தண்ணீர் கேட்டு மறியல் என்று கேட்பவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம்.

தவறு நடப்பதும் எப்போதும் ஒரே இடத்தில்தான். செப்டம்பர் நடுவில் திறக்க வேண்டியது தள்ளிப்போகும். கிணற்றுத் தண்ணீரில் விட்ட நாற்று முற்றிவிடும். 135 நாள் ரகம் போட்டவர் கடைசி இரண்டு வாரம் வானத்தைப் பார்ப்பார். முறை தொடங்கியதும் மேல்மடைக்காரர் இரவில் ஷட்டரைத் தூக்கிவிட்டால் கடைமடைக் கண்மாய்க்கு வருவது வெறும் ஈரம். அணை கட்டுவது அமைச்சர் வேலை என்றால், திறப்பு அரசாணையைத் தேதிக்கு வாங்குவதும், முறை நாட்களில் பொறியாளரைக் கடைமடை வரை நடக்க வைப்பதும் தொகுதி எம்.எல்.ஏ. வேலை. கிராமத்து எம்.எல்.ஏ.வின் சேவையை அளக்க எளிமையைவிட இது நல்ல அளவுகோல்.

ஒன்றை மறைக்கவும் கூடாது. 1965 ஜனவரி, பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது உள்துறை அமைச்சர் கக்கன். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். முதலமைச்சர் பக்தவத்சலம்தான் எல்லாம் என்று சொல்லித் தப்பவிட முடியாது, துறை இவருடையது. 1967 தோல்விக்கு அரிசித் தட்டுப்பாட்டோடு இதுவும் காரணம். தங்கள் கட்டுரை 1963இலிருந்து நேரே மருத்துவமனைக் கட்டிலுக்குத் தாவியது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த முறை எழுதுபவருக்கு: பொதுப்பணித் துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதங்கள் சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சில் உள்ளன. 1957 முதல் 1962 வரை உள்ள புத்தகங்களை எடுத்து, ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுத்த எதிர்க்கட்சியினர் என்ன கேட்டார்கள், கடைசி நாளில் அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதை மட்டும் படித்தாலே ஒரு கட்டுரைக்கு மேல் தேறும்.

இப்போதைக்கு, மேட்டூர் 1934 என்று ஒரு வரித் திருத்தம் அடுத்த இதழில் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குத் தங்கள் இதழைத்தான் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.