கழுத்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தமிழில் ஒரு தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடமுருட்டி ஆற்றுப் பக்கம் மதகு ஷட்டர்களை ஏற்றி இறக்கியே காலம் போனது. சென்ற தை மாதம் வலது கை மரத்துப் பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், இடப்பக்கக் கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு என்று, குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பி வலையான ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தவர்கள்மேல் குறை இல்லை.

அடைப்பை விரிக்கக் குழாய்க்குள் பலூனை ஊதியதும் நாடித்துடிப்பு 40-க்கு இறங்கியதாம். அன்றிரவு முழுவதும் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 85-ஐத் தாண்டவில்லை. குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. ஸ்டென்ட் அவற்றை அழுத்தும்போது, அழுத்தம் கூடிவிட்டதென்று உடம்பு ஏமாந்துவிடுகிறது என்று ஒரு செவிலியப் பெண் பொறுமையாகச் சொன்னார். அதனால் என் பழைய பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள். மீண்டும் எப்போது தொடங்குவது? அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு நான்கு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். பணம் பெற்றுக்கொண்ட முத்திரை மட்டும் தமிழில்.

ஆறாம் நாள் இடப்பக்கம் மட்டும் மண்டை இடித்தது. வாந்தி வேறு. பித்தம் என்று மனைவி இஞ்சிச் சாறு கொடுத்தாள். தொடை வழியாகப் போய் வைத்ததால் கழுத்தில் தழும்பே கிடையாது. ஸ்டென்ட் நினைப்பு யாருக்கு வரும்? தற்செயலாக வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் கையில் பட்டையைச் சுற்றினார். 190-க்கு 106. நம்பாமல் மறு கையிலும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் 108-ஐ அழைத்தார்.

பல நாள் குறைவான ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென முழு ஓட்டமும் வந்து, அழுத்தமும் எகிறினால் உள்ளே ரத்தம் கசியலாம் என்றார் மருத்துவர். எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது, காய்ந்து வெடித்த வாய்க்காலுக்கு ஷட்டரை ஒரேயடியாகத் தூக்கமாட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். ஓர் ஆள் கரையில் நடந்துகொண்டே இருப்பான்.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் அரைப் பக்கத் தாள்தான். எந்த அளவுக்குக் கீழே, எந்த அளவுக்கு மேலே போனால் ஆபத்து. நிறுத்திய மாத்திரையை என்று தொடங்குவது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. முதல் ஒரு மாதத்துக்குள் ஒருபக்கத் தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனை. இவ்வளவையும் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து, பிரதி ஒன்றை ஊர்ச் செவிலியரிடமும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
திருவையாறு வட்டம்.