சேனல் யாருடையது, தம்பி?

மதுரையில் யூடியூப் செய்தி சேனலும் ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் செய்திக் குழுவும் நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். சிம்மக்கல் பக்கம் பேப்பர் ஏஜென்சி நடத்துகிறவன் எழுதுகிறேன். உங்களால் என் தொழில் படுத்துவிட்டது என்று புலம்ப வரவில்லை. படுத்தது உண்மை. ஆனால் 2020 கொரோனாவில் பேப்பரை நிறுத்திய பலர் அதன்பின் திரும்பவே இல்லை. அதற்கு உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கேட்க வந்தது ஒன்றுதான்: உங்கள் சேனல் யாருடையது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில், அரிட்டாபட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று மேலூர் மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை திரண்டு வந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மேலூர்க்காரரும் அதை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்தது உங்களால்தான். அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. என் பேப்பர் கட்டு மறுநாள் காலையில்தான் வந்து இறங்கியது.

ஆனால் பேப்பரில் ஒரு மூலை உண்டு. அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், அச்சான இடம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். வெள்ளைக்காரன் 1867இல் போட்ட சட்டம். நம்மைக் கண்காணிக்கப் போட்டான், நமக்கும் உதவியது. அப்புறம் 1956 விதி வந்ததிலிருந்து, பிப்ரவரி முடிந்ததும் ‘படிவம் 4’ என்று ஒரு கட்டம் வரும். உரிமையாளர் யார், மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் யார் யார் என்று முகவரியோடு இருக்கும். யாரும் படிப்பதில்லை, சரி. தேவைப்பட்ட அன்று எடுத்துப் பார்க்கலாம் அல்லவா?

2007 மே 9 அன்று நம் ஊரில் தினகரன் பத்திரிகை அலுவலகத்தை எரித்ததில் ஊழியர்கள் மூன்று பேர் செத்தார்களே, நினைவிருக்கிறதா? கருணாநிதிக்கு அடுத்து யார் என்ற ஒரு கருத்துக்கணிப்பு கிளப்பிய நெருப்பு. பேப்பர் யாருடையது, கணிப்பு யாருக்குக் கசந்தது என்பது டீக்கடையில் பெஞ்சு துடைக்கிற பையனுக்கும் தெரியும். முதலாளிகள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. யார் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். 2022 டிசம்பரில் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குப் போனபோதும், பங்குச்சந்தைக் கம்பெனி என்பதால், எத்தனை பங்கு யாரிடம் போனது என்று நாடே பார்த்தது.

உங்கள் விஷயம் வேறு. போன வருடம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு இடையே சாக்கடைத் தகராறு. ஒரு சேனல் அதை ‘மதுரையில் பயங்கரம்’ என்று போட்டது. தம்ப்நெயிலில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது வீட்டின் வாசல், கோலம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அந்த வீட்டில் அப்போது பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கச் சொல்லலாம் என்று தேடினால் இருந்தது ஒரே எண், ‘விளம்பரத் தொடர்புக்கு’. பேசினேன்.

“அண்ணே, நான் கேமரா மட்டும்தான். ஓனர் போன மாசமே சேனலைக் கோயம்புத்தூர் ஆள்கிட்ட வித்துட்டாரு.”

“யாருப்பா அது?”

“தெரியாதுண்ணே. சம்பளம் ஜிபேல வருது.”

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கே முதலாளி யாரென்று தெரியாது. இப்படித்தான் லட்சம் சந்தாதாரரோடு சேனல் கைமாறுகிறது. பெயர் மாறுகிறது, பழைய வீடியோ காணாமல் போகிறது. நேற்று வரை வைகையில் தண்ணீர் திறப்பைச் சொன்ன சேனல், தேர்தல் நெருங்கினால் ஒரே கட்சிக்கு ஜால்ரா போடுகிறது. பெல் பட்டனை அழுத்திய நாங்களும் அந்த விலைக்குள் அடக்கம்.

சட்டத்தை நம்பியும் பயனில்லை. 1867 சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் அச்சில் வருவதைத்தான் பார்க்கிறது. இணையச் செய்தி நடத்துபவர் புகார் அலுவலரின் விவரத்தைக் காட்ட வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். நம் ஊர் சேனல் எதிலாவது அந்த வரியைப் பார்த்திருக்கிறீர்களா?

பெயர் போட்டால் வீட்டுக்கு ஆள் வரும் என்பீர்கள். நியாயமான பயம்தான். மணல், கிரானைட் என்று தொட்டால் என்ன நடக்கும் என்பது மேலூரைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியும். படம் பிடித்தவர் பெயரைத் தாராளமாக மறையுங்கள். காசு போட்டவர் பெயரை மறைக்காதீர்கள்.

சேனல் விவரத்தில் நாலு வரி போதும். உரிமையாளர், செய்திக்குப் பொறுப்பானவர், திருத்தம் கேட்க ஓர் எண், கைமாறியிருந்தால் எப்போது, யாரிடமிருந்து என்ற விவரம். நகைக்கடை, ஆஸ்பத்திரி என்று காசு வாங்கிப் போடும் வீடியோவுக்குக் கட்டண விளம்பரம் என்று காட்ட யூடியூப்பிலேயே ஒரு டிக் இருக்கிறது, அதையும் போடுங்கள்.

முதலில் இதைச் செய்கிற சேனலின் நோட்டீஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் முழுக்கப் பேப்பருக்குள் வைத்துப் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். என் பெயர், கடை முகவரி, போன் எண் மூன்றும் உங்களுக்கு அனுப்பிய பிரதியில் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதற்கு முன் லைனில் இருப்பேன்.