முதன்முதலாக அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறீர்களா? இன்ஜினைக் கடைசியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1950க்கு முன் தயாரான கார்களை மட்டுமே விண்டேஜ் என்று சொல்லி இறக்குமதி செய்யலாம் என்றிருந்த விதி 2025இல் தளர்ந்தது. இப்போது 50 வயது நிறைந்த காரைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். அதிலிருந்து புதுச்சேரியிலும் கடலூரிலும் ஃபோர்டின் மஸ்டாங், செவர்லேயின் கார்வெட் என்று பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களை விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "இன்ஜின் எப்படி இருக்கு?" என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் காகிதம், அடுத்து தகரம், அப்புறம் பிரேக்கும் கூலிங்கும், எல்லாம் தேறிய பிறகே இன்ஜின். கெட்டுப்போன இன்ஜினைக் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். தப்பான காகிதத்தை எவ்வளவு காசாலும் சரிசெய்ய முடியாது. துருவேறிய பாடிக்கு ஆகும் செலவோ வண்டி விலையையே தாண்டிப் போகும்.

இந்தியாவில் ஏற்கெனவே ஓடுகிற வண்டி என்றால், அது எப்படி நாட்டுக்குள் வந்தது என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். பழைய அமெரிக்க வண்டிகளில் பல, தூதரகத்தார் கொண்டுவந்து எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் வழியாக விற்கப்பட்டவை. அந்த விற்பனைக் கடிதமோ சுங்கத்துறையின் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியோ இல்லாமல் ஆர்.சி.யை மட்டும் நீட்டினால் முன்பணம் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பரில் பூடான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சொல்லப்பட்ட வண்டிகளைக் கேரளத்தில் சுங்கத்துறை பிடித்தபோது, அவை போனது கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையிலிருந்துதான். பழைய நம்பர்கள் பல கணினியில் ஏறாமலே கிடக்கின்றன. பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு வண்டி வரவில்லையென்றால், பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரியை முடித்துத் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேஸிஸ் நம்பரைக் கண்ணால் பார்த்தால் போதாது, பென்சில் பிரிண்ட் எடுங்கள். நம்பர் பொறித்த இடத்தில் மெல்லிய வெள்ளைத்தாளை ஒட்டவைத்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரு எழுத்து மட்டும் ஆழமாக ஏறினாலோ, வரிசை கோணினாலோ, சுற்றிலும் கிரைண்டர் கீறல் கோடுகோடாக விழுந்தாலோ அந்த இடத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பெயின்ட் மறைத்ததைத் தாள் காட்டிக் கொடுத்துவிடும். 1965 மஸ்டாங்கில் இந்த நம்பர், போனட்டைத் திறந்தால் இடதுபக்க மட்கார்டின் உள்தகரத்தில் இருக்கும். அதில் ஐந்தாவதாக வரும் எழுத்துதான் இன்ஜினைச் சொல்லும்: சி என்றால் இரட்டை பேரல் கார்பரேட்டர் கொண்ட 289 கன அங்குல வி8, ஏ என்றால் நான்கு பேரல் 289, கே என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட உயர்ரகம், டி (T) என்றால் ஆறு சிலிண்டர். கே வண்டி என்று விலை சொல்லுகிற காரின் நம்பரில் சி இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி மறந்துபோகிறார்கள். புதுச்சேரிப் பதிவு வண்டியைக் கடலூர்க்காரர் வாங்கினால் 28ஆம் படிவத்தில் என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள் வேண்டும். 12 மாதத்துக்கு மேல் கடலூரில் வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியாக வேண்டும். விண்டேஜ் பதிவு இதிலிருந்து வேறு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 ஜூலையில் வந்த விதிப்படி விஏ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் தருகிறார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் அந்த வண்டியை எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றிய வண்டி விண்டேஜ் கணக்கில் சேராது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் இன்ஜினை ஏற்றிய பழைய அமெரிக்க வண்டிகள் நாட்டில் நிறைய இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம். இந்த விதிகளை ஒரு பக்கத் தமிழில் அச்சிட்டு இரண்டு ஊர் போக்குவரத்து அலுவலக வாசலிலும் ஒட்டிவைத்தால், ஏமாறுகிறவர்களில் பாதிப் பேராவது தப்பிப்பார்கள். அதிகாரிகள் இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி தகரம். நம் கரையோரத்தில் உப்புக்காற்று ஓய்வதே இல்லை. அதிலும் 1960களின் மஸ்டாங்குக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. அதனால் துரு அழகைக் கெடுப்பதோடு நிற்காது, வண்டியையே மடக்கிவிடும். முன் கண்ணாடிக்குக் கீழே சல்லடை போல் ஓட்டைகள் உள்ள ஒரு பகுதி இருக்கிறது, அதைக் கவுல் என்பார்கள். மழைநீர் அதன் வழியாக உள்ளே இறங்கி, ஓரங்களால் வெளியேற வேண்டும். வேப்பஞ்சருகு உள்ளே விழுந்து மட்கி ஈரத்தைப் பிடித்துக்கொண்டால், உள்ளேயிருக்கும் காற்றுக் குழாயின் அடித்தகரம் ஓட்டை விழுந்துவிடும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரு ஆளை டேஷ்போர்டின் கீழே டார்ச்சுடன் படுக்கச் சொல்லி, சல்லடையின் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கால்வைக்கும் இடத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் கவுல் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்ற மட்கார்டுகளைக் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரிக்க வேண்டும். நல்ல டிங்கருக்கே வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை அது. விற்பவர் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்றால், சோதனையின் முடிவு தெரிந்துவிட்டது.

அடுத்து கார்ப்பெட்டைத் தூக்குங்கள், மேலே தட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பழைய தரையின் மேலேயே புதுத்தகரத்தை வைத்துப் பேட்ச் அடிப்பது நம் பக்கத்தில் சகஜம். இரண்டு தகரத்துக்கும் நடுவில் உப்பீரம் மாட்டிக்கொண்டு இரண்டையும் சேர்த்துத் தின்னும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியிலிருந்து ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். முன் ஷாக் அப்சர்பர் தாங்கும் கோபுரத்தின் அடிப்பாகம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, டிக்கி எல்லாவற்றையும் பாருங்கள். 1960களின் மஸ்டாங்கில் பெட்ரோல் டாங்கின் மேல்பக்கமே டிக்கியின் தரை, அங்கே துரு இருந்தால் இரட்டைச் செலவு. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பாடி முழுக்க நகர்த்திக்கொண்டே போங்கள். பிடி தளர்கிற இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. மேல் திறக்கும் மாடலில் கதவை மூடி இடைவெளியைக் குறித்துக்கொண்டு, வண்டியின் நடுப்பகுதியை மெதுவாக ஜாக்கியால் தூக்குங்கள். இடைவெளி மாறினால் கீழ்ப்பெட்டி தாங்கவில்லை. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கார்வெட்டின் பாடி 1953 முதலே ஃபைபர் கிளாஸ். "துருவே வராது சார்" என்று விற்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் 1963 முதல் வந்த வண்டிகளில் அந்த ஃபைபருக்குள் இரும்புக் கூண்டு இருக்கிறது, கீழே இரும்புச் சேஸிஸ் இருக்கிறது. முன் இருக்கையில் கால்மாட்டின் இரு ஓரங்களிலும் உள்ள பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். அடியில் அப்பளம் போல் துருச் செதில்கள் உதிர்ந்து கிடந்தால் கூண்டு அரிக்கிறது. முன் கண்ணாடியின் கீழ் மூலைகளையும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸிஸ் மேல்நோக்கி வளையும் இடத்தையும் கட்டாயம் பாருங்கள். 1968 முதல் 1982 வரை வந்த மாடலில் ஹெட்லைட் எழும்புவது வேக்குவத்தால், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசையால். ரப்பர் குழாய் வெயிலில் வெடித்திருந்தால் ஒரு கண் மட்டும் எழும்பும். அது சின்ன வேலைதான், விலை குறைக்கப் பயன்படும்.

2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015 மழை, 2024 நவம்பர் இறுதியில் 'பெஞ்சல்' புயல், அதையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம்: இந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கில் சேறு, டேஷ்போர்டு ஒயர் கட்டுகளில் பச்சை பூத்த செம்பு, பின் ஆக்சில் ஆயில் மோர் நிறத்தில் இருப்பது ஆகியவை வெள்ளத்தில் நின்ற வண்டியின் அடையாளங்கள்.

பிரேக் விஷயத்தில் சமரசம் வேண்டாம். 1966 வரை வந்த மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967இலிருந்து இரட்டைச் சுற்று. பழையதை வாங்கினால் இரட்டைக்கு மாற்றிவிட்டே ஈ.சி.ஆரில் ஏறுங்கள். கார்வெட்டில் 1965 முதல் நான்கிலும் டிஸ்க் உண்டு. நாள்கணக்கில் நின்ற வண்டியில், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் உள்சுவர் குழி விழுந்து கசியும். ஸ்டீல் ஸ்லீவ் போட்ட காலிப்பர்தான் அதற்கு மருந்து. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் சரக்கு, நம் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கூலிங்கை மதியம் ஒரு மணிக்கு நிழலில்லாத இடத்தில் அரைமணி நேரம் ஐட்லிங்கில் விட்டுச் சோதியுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் என்ற உறையை யாராவது கழற்றி எறிந்திருந்தால் அஜந்தா சிக்னல் தாண்டுவதற்குள் முள் சிவப்புக்குப் போய்விடும். ரேடியேட்டரின் 13 பி.எஸ்.ஐ. அழுத்த மூடி தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி செல்சியஸ் உயர்த்தித் தருகிறது, ரப்பர் தேய்ந்த மூடியில் அந்த லாபம் கிடையாது. போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்புப் படிந்திருக்கும், வண்டி ஆறிய பிறகு மூடியைத் திறந்து உள்ளே விரல்விட்டுத் தடவினால் தெரியும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்பரேட்டர் ரப்பர் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஊறி மிருதுவாகிக் கசியும், சூடான இன்ஜினுக்கு மேலேயே கசியும். எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் போடுங்கள். காற்று 14.7 பங்குக்குப் பெட்ரோல் ஒரு பங்கு என்ற கணக்கு இந்தக் கலவையில் ஏறத்தாழ 13.5 ஆகிறது. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டைப் பழையபடியே விட்டால், கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும். மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கிவிட்டு, ஓட்டி வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் போதவில்லை, இளம் பழுப்பு வந்தால் சரி.

கடைசியில் இன்ஜின். சூடான இன்ஜினில் எட்டு பிளக்குகளையும் கழற்றி, காயில் இணைப்பை எடுத்துவிட்டு, திராட்டிலை முழுக்கத் திறந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளழுத்தம், பாருங்கள். மிகக் குறைந்த சிலிண்டரின் அளவு, மிக உயர்ந்ததன் அளவில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். டைமிங் செயினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ரோட்டர் அசைவதற்குள் கிராங்க் எட்டு டிகிரிக்கு மேல் நகர்ந்தால் செயின் தொய்ந்துவிட்டது. அந்த நாளில் பல இன்ஜின்களில், இந்தச் செயின் ஓடும் கேம் கியரின் பல் நைலான். உடைந்து சம்ப்பில் விழுந்து ஆயில் சல்லடையை அடைக்கும். இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. செவர்லே ஸ்மால் பிளாக் 1955இல் தொடங்கி 2011இல் பத்துக் கோடியைத் தொட்டது, அதற்குக் கிடைக்காத பாகம் இல்லை. நட்டெல்லாம் அங்குல அளவு என்பதை மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். 3/8 அங்குல ஓட்டையில் 10 எம்.எம். போல்ட்டை முறுக்கி மரையைத் தின்றுவிடுகிறார்கள்.

முதல் வண்டிக்கு எங்கள் தேர்வு, மேல் திறக்காத இரட்டை பேரல் 289 மஸ்டாங்தான். அதற்குப் பாடித் தகரம் முழுவதும் இன்றும் புதிதாக அடித்துத் தருகிறார்கள். கார்வெட்தான் வேண்டுமென்றால் 350 கன அங்குல இன்ஜின் போதும். 1970இல் 300 என்றிருந்த குதிரைத்திறன் 1975இல் 165 என்று இருப்பதைப் பார்த்து மலைக்காதீர்கள். 1972இலிருந்து அளக்கும் முறையே மாறிவிட்டது, உண்மையான இறக்கம் அதில் ஒரு பகுதிதான். கையில் உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிய பிறகான வேலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்துத் துருவேறும். கூரைக்கடியில் பருத்தித் துணி போர்த்தினால் போதும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் டாங்கைக் காலிசெய்து, கார்பரேட்டரில் உள்ளது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்த அன்று இரவே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், சக்கர வளைவின் உள்மடிப்புகளையும் சேர்த்து.

இப்படிக்கு,
பழைய கார் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.