ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

எல்லோரும் நலம். பெகு அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. தம்பி இருட்டிய பிறகு வெளியே போவதில்லை. அதைப் பற்றி ஒன்றும் கேட்டு எழுதாதே. பெட்டி பத்திரமாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு குளிரில் போகாதே.

நீ போன் செய்து ஏழு வாரம் ஆகிறது. வேலை இருக்கும். ரங்கூனில் கரன்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? நீ கூப்பிட்ட நேரத்தில் போன் அணைந்து கிடந்ததோ என்னவோ.

நீ அனுப்பிய குறிப்பைத் தம்பியை வாசிக்கச் சொல்லி நான்கு தடவை கேட்டேன். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள், ஆக்சிஜனை மட்டும் அளந்து விட்டு, ஏறக்குறைய 700 டிகிரி சூட்டில் ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு ஒரு படலம், டைட்டானியம் ஆக்சைடு ஒரு படலம் என்று ஏற்றுகிறாயாம். எலக்ட்ரான் கற்றை பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கூடிக் குறைவதைப் பார்த்துப் படலங்களை எண்ணுகிறாயாம். இரண்டும் சேர்ந்தால் 0.39 நானோமீட்டர். இந்தத் தாளின் கனத்துக்குள் அப்படி இரண்டரை லட்சம் அடுக்கு அடங்கும் என்று தம்பி கணக்குப் போட்டான். நம் பரோட்டாவைப் பர்மியர்கள் தத்தயா, நூறு அடுக்கு என்கிறார்கள். ஆறு வயதில் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுடச்சுடப் பிய்த்து எண்ணி, பதினேழுதான் இருக்கிறது, அப்பா ஏமாற்றுகிறார் என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தியவள் நீ.

ஸ்ட்ரான்சியம் இரண்டு படலம் போட்டு மேலே டைட்டானியம் போட்டால், அது போட்ட இடத்தில் நிற்காமல் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. மேல் ஸ்ட்ரான்சியம் அதன் தலைமேல் ஏறிக்கொள்கிறது. அதனால் தொடக்கத்திலேயே ஸ்ட்ரான்சியம் ஒரு படலம் கூடுதலாகப் போட வேண்டும். 2014-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த சங்கதி. சரிதானே? உன் கலவைக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தம்பி நான்கு தடவையும் வேகமாக வாசித்தான்.

கடைக்கு வருகிறவர்களிடம் மகள் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூட்டுவலிக்கு மருந்து கேட்கிறார்கள். அவ்வளவு படித்தவளுக்கு அப்பாவிடம் பேச இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

கடைசியாகப் போன் செய்த அன்று ராத்திரியும் நீ இந்தப் படலச் சங்கதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். கடையில் கூட்டம். போனை மாவுப் பலகையில் வைத்துவிட்டு ஆறு பொட்டலம் கட்டினேன். திரும்ப எடுத்தபோது, "அப்பா, கேட்கிறீர்களா?" என்றாய். கேட்கிறேன் என்றேன். மூக்கை உறிஞ்சினாய், ஜலதோஷம் என்றாய். சுக்குக் கஷாயம் குடி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஜலதோஷம் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அமாவாசையன்று கடை கிடையாது. காளியம்மன் கோயிலுக்கு அம்மாவும் அத்தையும் போகட்டும். நான் போனோடு வீட்டில் இருப்பேன். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. இரண்டாவது ஸ்ட்ரான்சியம் படலத்திலிருந்து சொல். அதுவரைக்கும்தான் காதில் விழுந்தது.

அப்பா